டீச்சரம்மா பதில்கள்: பாப்பாவுக்கு உலகப் பேர்

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கமுங்க. எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதமாகிறது. நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் மெயிலில் ஃப்ரேயா, ஸோயா என்றெல்லாம் பேர் பார்த்ததிலிருந்து, அப்படி ஊரில் யாருக்கும் இல்லாத பேராக வைக்க ஆசை. மாமனாரோ போன வருடம் தவறிய மாமியாரின் பேரை, அருக்காணி என்று, வைக்கச் சொல்கிறார். என்ன செய்யட்டுமுங்க?
– ஒரு வாசகி, அவிநாசி

பதில்: ஆசையில் தப்பே இல்லை, அம்மிணி. 1963-ல் வாலண்டினா தெரெஷ்கோவா முதல் பெண்ணாக விண்வெளிக்குப் போனார். அவரை நினைத்து நம் இடதுசாரிக் குடும்பங்களில் மகளுக்கு வாலண்டினா என்று வைத்தார்கள். 'இதென்ன பேர்?' என்று யார் கேட்டாலும் அந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து பதில் சொன்னார்கள். மெயிலில் பார்த்தோம், நன்றாக இருந்தது என்றால் உங்கள் பாப்பா என்ன சொல்வாள்?

ஸோயா வேண்டவே வேண்டாம். பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு எழுதியவள் சொல்கிறேன்: தமிழில் அது சோயா ஆகிவிடும், ஒரே வாரத்தில் வகுப்பே 'மீல் மேக்கர்' என்று கூப்பிடும். பேரால் அழுத பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறேன். ஃப்ரேயா உங்கள் மாமனார் வாயில் நுழையாது.

எனக்குப் பிடித்தது நவோமி. எபிரேய மொழிப் பேர். இனிமை என்று பொருள். இதே ஒலியில் ஜப்பானிலும் பேர் உண்டு. பைபிளில் வரும் நவோமியை, மகன் இறந்த பிறகும் விட்டுப் போகமாட்டேன் என்று மருமகள் ரூத் கூடவே போகிறாள். மலாலாவும் நல்ல பேர்தான். 2014-ல் 17 வயதில் நோபல் வாங்கிய மலாலாவுக்கே, 1880-ல் மைவாந்த் போர்க்களத்தில் நின்ற ஆப்கன் பெண் மலாலையின் நினைவாகத்தான் அப்பா பேர் வைத்தார்.

அப்புறம் வங்காரி. கென்யாவில் 1977-ல் பெண்களைச் சேர்த்து மரம் நடும் இயக்கம் தொடங்கி, 2004-ல் அமைதி நோபல் பெற்றவர் வங்காரி மாத்தாய். அவருடைய கிகூயு மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் மகளுக்கு அப்பாவைப் பெற்றவளின் பேர், இரண்டாவது மகளுக்கு அம்மாவைப் பெற்றவளின் பேர். நம் ஊர்க் கணக்கில் மூத்தவளுக்கு ஆத்தா பேர், அடுத்தவளுக்கு அம்மிச்சி பேர். உங்கள் வீட்டில் ஒரு கிகூயு பெரியவர் இருந்தால், மாமனார் சொல்வதைத்தான் அவரும் சொல்வார்!

அதனால் என்னைக் கேட்டால், அருக்காணி என்றே வையுங்கள். பொன்னர் சங்கரின் தங்கை பேர் அது. பாப்பாவிடம் சொல்ல அண்ணமார் கதையே இருக்கிறது. ஊரில் யாருக்கும் இல்லாத பேர்தானே கேட்டீர்கள்? இன்றைக்கு எல்கேஜியில் ஒரு அருக்காணியைப் பார்க்க முடிகிறதா? மனம் ஒப்பவில்லை என்றால் நவோமி என்று பதியுங்கள், மாமனார் அருக்காணி என்றே கூப்பிடட்டும். அந்த ஆசையை மட்டும் மறுக்காதீர்கள்.

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பீர்கள். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பேர் சேர்க்கலாம். அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். எனவே ஆங்கில எழுத்துக் கூட்டலை முதலிலேயே முடிவு செய்து, ஆதாரிலும் அதையே கொடுங்கள்.