காலாண்டுத் தேர்வில் கணக்குப்பதிவியலில் தவறிய மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் மகள் பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் பிரிவில் தமிழ் வழியில் படிக்கிறாள், காலாண்டுத் தேர்வில் மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டுக் கணக்குப்பதிவியலில் மட்டும் தவறிவிட்டாள், பிரிவை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே இதைச் சொல்கிறேன். வணிகவியலிலும் பொருளியலிலும் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு பாடம் மட்டும் வராமல் போக வழியில்லை. எங்கோ ஓர் இடத்தில் பிடி விட்டுப்போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தால் டிசம்பரில் வரும் அரையாண்டுத் தேர்வுக்குள்ளேயே சரிசெய்துவிடலாம்.

மற்ற பாடங்களில் ஒரு பாடப்பகுதி புரியாவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் படித்துக்கொள்ளலாம். இதில் அப்படி முடியாது. கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசையில் எழுதும் குறிப்பேட்டில் பதியத் தெரியாதவருக்கு, அவற்றைக் கணக்குவாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு வராது. பேரேடு வராதவருக்கு, எல்லாக் கணக்குகளின் இருப்பையும் இரு பக்கமாகப் போட்டு ஒத்துப் பார்க்கும் இருப்பாய்வு வராது. இருப்பாய்வு இல்லாமல் லாப நட்டக் கணக்கும், சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பும் கிடையாது. ஜூலையில் பிடி விட்டிருந்தால் செப்டம்பரில் எல்லாமே இருட்டாகத்தான் தெரியும்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் விதிகளைத் தடங்கலில்லாமல் ஒப்பிப்பார்கள். பெறுபவர் கணக்கில் பற்று (டெபிட், இடப்பக்கம்), தருபவர் கணக்கில் வரவு (கிரெடிட், வலப்பக்கம்). உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு. ஆனால், "கடைக்கு வாங்கிய சர்க்கரையில் இரண்டு கிலோவை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போனார், இதை எப்படிப் பதிவாய்?" என்று கேட்டால் பேனா நின்றுவிடும். விதி தெரியும், எந்தெந்தக் கணக்குகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று பார்க்கத் தெரியாது. கடை வேறு, கடைக்காரர் வேறு என்ற அடிப்படை மனத்தில் பதியவில்லை. அது பதிந்துவிட்டால், முதலாளி சொந்தத்துக்கு எடுப்பதைப் பதியும் எடுப்புகள் கணக்கில் பற்று, கொள்முதல் கணக்கில் வரவு என்று தானாக எழுதிவிடுவாள். இந்தக் கேள்வியை இன்று மாலை உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் பயப்பட வேண்டாம், எங்கிருந்து தொடங்குவது என்பது நமக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் கணவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஒரே ஒரு விவசாயியின் கணக்கை எடுத்துக்கொண்டு அவளை உட்கார வையுங்கள். கீழே உள்ள தொகைகள் நானாக வைத்துக்கொண்டவை; உங்கள் கணவருக்குத் தெரிந்த உண்மையான தொகைகளைப் போட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரர் 10,000 ரூபாய் முதல் போட்டுத் தொடங்குகிறார். ரொக்கம் பற்று 10,000, மூலதனக் கணக்கு வரவு 10,000. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் முன்பணமாக 5,000 வாங்கிப் போகிறார். அவர் கணக்கில் பற்று 5,000, ரொக்கம் வரவு 5,000. பிறகு அவர் 20 கிலோ மல்லிகை கொண்டுவருகிறார். கிலோ 600 என்று விற்று 12,000 ஆகிறது. அதில் 8,000 கையில் வந்துவிட்டது. மீதி 4,000-க்குப் பூக்கட்டி விற்கும் வியாபாரி ஒருவர் கடன் சொல்லி எடுத்துப் போயிருக்கிறார். ரொக்கம் பற்று 8,000, வியாபாரி கணக்கு பற்று 4,000, விவசாயி கணக்கு வரவு 12,000. கமிஷன் பத்து சதவீதம் என்றால் விவசாயி கணக்கில் பற்று 1,200, கமிஷன் கணக்கில் வரவு 1,200. முன்பணமும் கமிஷனும் போக அவருக்குச் சேர வேண்டியது 5,800. அதைக் கொடுத்ததும் அவர் கணக்கில் பற்று, ரொக்கத்தில் வரவு.

இப்போது பேரேட்டில் ஒவ்வொரு கணக்காக இருப்புக் கட்டச் சொல்லுங்கள். விவசாயி கணக்கில் இரு பக்கமும் 12,000, நேராகிவிட்டது. ரொக்க இருப்பு 7,200. வியாபாரி தர வேண்டியது 4,000. பற்றுப் பக்கம் மொத்தம் 11,200. எதிர்ப்பக்கம் மூலதனம் 10,000, கமிஷன் 1,200, அதுவும் 11,200. இருப்பாய்வு சரியாகிவிட்டது.

அவசரப்பட்டு ஏட்டை மூட விடாதீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடைக்கு 1,200 ரூபாய் லாபம். ஆனால் கல்லாவில் 10,000 இருந்த இடத்தில் 7,200 தான் இருக்கிறது. லாபமும் வந்து பணமும் குறைந்தது எப்படி என்று கேளுங்கள். 4,000 வெளியே பாக்கியாக நிற்கிறது என்பதை அவளே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். நல்ல வியாபாரம் நடந்தும் கடையைச் சாத்திவிட்டுப் போனவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! பாக்கியையும் லாபத்தையும் பிரித்துப் பார்க்காததுதான் அவர்களில் பலருக்கு வினையானது. பதினாறு வயதில் ஒரு பெண் இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பாடத்தின்மேல் அவளுக்கு வேறொரு மரியாதை வரும்.

இன்னொன்றும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பூ விற்ற 12,000-ஐ விவசாயி கணக்கில் வரவு வைப்பதற்குப் பதில் "விற்பனை" என்று ஒரு கணக்கைத் தொடங்கி அதில் வரவு வைத்தால் என்ன ஆகும்? இருப்பாய்வு அப்போதும் சரியாகவே வரும். இரு பக்கமும் 23,200. ஆனால் லாபம் 13,200 என்று காட்டும், கணக்குத் தீர்ந்துபோன விவசாயி கடைக்கு 12,000 தர வேண்டும் என்று காட்டும். பூ கடைக்காரருடையது இல்லை, அவர் விவசாயிக்காக விற்றுக் கொடுப்பவர் என்ற உண்மையை மறந்ததால் வந்த பிழை இது. இரு பக்கமும் ஒத்துப்போவதாலேயே கணக்கு சரி என்று சொல்லிவிட முடியாது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உங்கள் இரண்டாவது கேள்வி. 25,000 ரூபாய் கட்டினால் மூன்று மாதத்தில் கம்ப்யூட்டர் கணக்குப் பயிற்சி தந்து நூறு சதவீதம் வேலையும் வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்களாமே. இப்போது கட்டாதீர்கள். மேலே சொன்ன பிழையான பதிவை டேலி என்ற கணக்கு மென்பொருளில் போட்டுப் பாருங்கள். ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். கூட்டல் தவறு வராது, பேரேட்டுக்குத் தானாக எடுத்து எழுதிவிடும், நொடியில் இருப்புநிலைக் குறிப்பைத் தந்துவிடும். எந்தத் தொகையை எந்தக் கணக்கில் வைப்பது என்பதை உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். கையால் எழுதத் தெரிந்த பிள்ளை மென்பொருளைச் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். மென்பொருளை மட்டும் பழகிய பிள்ளை ஆடிட்டர் அலுவலகத்தில் பில்களைத் தட்டிக்கொண்டே பல வருடங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பயிற்சிக்கு நல்ல நேரம் பிளஸ் டூ முடிந்த விடுமுறை. அப்போதும், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம். ஜி.எஸ்.டி. விவரப் படிவங்களைத் தயாரிக்கக் கற்றுத் தருகிறார்களா, வங்கிக் கணக்கோடு ஏட்டை ஒப்பிட்டுச் சரிகட்டப் பயிற்சி உண்டா, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டரே எல்லாம் செய்யும்போது இந்தப் படிப்புக்கு மதிப்பு இருக்குமா என்று உங்கள் கணவர் கவலைப்படுவது நியாயம்தான். பில்லைப் பார்த்துத் தட்டும் வேலை குறைந்துகொண்டு வருகிறது. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 1494-இல் வெனிஸில் லூகா பாசியோலி என்ற துறவி அச்சுப் புத்தகத்தில் விளக்கிய, ஒவ்வொன்றையும் பற்று, வரவு என இரு இடத்தில் எழுதும் இரட்டைப்பதிவு முறையில்தான் இன்றைய மென்பொருளும் உள்ளே இயங்குகிறது. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு சிறு வணிகர்களுக்கும் கணக்கு தெரிந்த ஆள் கட்டாயத் தேவையாகிவிட்டது. மாதந்தோறும் விவரம் தாக்கல் செய்பவர் என்றால் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் படிவம். கீழமாசி வீதி மொத்தக் கடை ஆனாலும் கப்பலூர்த் தொழிற்பேட்டை ஆனாலும் இந்தத் தேதிகள் தப்பாது. சப்ளையர் காட்டிய பில்லும் நம் ஏட்டில் இருக்கும் பில்லும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடிக் கண்டுபிடிப்பவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

தேடும் பழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்தலாம். இருப்பாய்வு ஒத்துவராவிட்டால் முழுக் கணக்கையும் அடித்துவிட்டு மறுபடி எழுதுவது பிள்ளைகளின் வழக்கம். வேண்டாம். முதலில் வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி விழுந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு ஒன்பதால் வகுபடுகிறதா என்று பார்க்கட்டும். வகுபட்டால் 540-ஐ 450 என்பதுபோல் இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. அதற்கும் அகப்படாததைத்தான், பிழை கிடைக்கும்வரை, அனாமத்துக் கணக்கு என்ற தற்காலிகக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் அவளிடம் கொடுங்கள். நாம் போட்ட பணம் நம் ஏட்டில் பற்று. பாஸ் புத்தகத்தில் வரவு. அது வங்கியின் ஏடு, அங்கே நாம் பணம் தந்தவர் என்பதை அவள் விளக்கிச் சொல்லிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தினம் ஒரு மணி நேரம் போதும். பாடப்புத்தகத்தின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை விடையை மூடி வைத்துவிட்டுப் போடட்டும். அதே பாடநூலின் ஆங்கில வழிப் பதிப்பையும் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசின் பாடநூல் இணையதளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதே பக்கங்களை ஆங்கிலத்தில் ஒரு முறை படித்தால் கலைச்சொற்கள் பழகிவிடும். சி.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் தேர்வை ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் எழுத முடியும் என்பதால் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இது அவசியம்.

சி.ஏ. பற்றிய உங்கள் ஆசையை ஒதுக்கிவிட வேண்டாம். பிளஸ் டூ முடித்து அடிப்படைத் தேர்வு எழுதலாம். நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் பாதி மதிப்பெண் வேண்டும். அல்லது பி.காம். படித்து 55 சதவீதம் எடுத்துவிட்டு நேராக இடைநிலைக்குப் போகலாம். உங்கள் வீட்டு நிலைமைக்கு இந்த இரண்டாவது வழியே நல்லது என்பது என் கருத்து. கையில் ஒரு பட்டம் இருக்கும், ஆங்கிலமும் பழகிவிடும். இடைநிலைக்குப் பிறகு ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டுப் பயிற்சி. அதற்கு உதவித்தொகை உண்டு. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்துக்கு மதுரையிலேயே கிளை இருக்கிறது, கட்டண விவரங்களை அங்கே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரி விண்ணப்பத்தில் "பி.காம். சி.ஏ." என்று இருப்பது பெரும்பாலும் கணினிப் பயன்பாட்டுப் படிப்பு. அதை ஆடிட்டர் படிப்பு என்று நினைத்துச் சேர்த்துவிட்டு மூன்றாம் ஆண்டில் வந்து கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

பணம் பற்றி ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில், அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்கள் கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்காகப் பள்ளிச் சான்றுகளையும் வங்கிக் கணக்கையும் இப்போதே ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, மகளின் காலாண்டு விடைத்தாளோடு கணக்குப்பதிவியல் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "ஏன் மதிப்பெண் குறைந்தது" என்று கேட்காமல், "குறிப்பேட்டில் தவறுகிறாளா, பேரேட்டில் தவறுகிறாளா" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் விடைத்தாளின் நகலையும் எனக்கு அனுப்பினால், அரையாண்டு வரை எந்தக் கணக்குகளை எந்த வரிசையில் போட வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.