ரசத்தில் கலந்த ஆட்டுக்கால் சூப்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், ஹான் காங் என்ற கொரிய எழுத்தாளரின் ‘மரக்கறி’ நாவலைப் படித்த நாள் முதல், நான்கு மாதங்களாக அசைவத்தைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கறிச்சோறு சாப்பிடும்போது, அவள் மட்டும் பருப்பும் தயிரும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். அவள் அம்மா ஆட்டுக்கால் சூப்பை ரசத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தாள், பயனில்லை. புத்தகத்தை எடுத்து பீரோவின் மேல் வைத்துவிட்டேன். பெண்பிள்ளைகள் இப்படிப்பட்ட நூல்களைப் படிக்கலாமா?
– ஒரு தந்தை

பதில்: புத்தகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். ரசத்தில் கலந்து கொடுத்ததைப் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு, ‘பயனில்லை’ என்று முடித்துவிட்டீர்களே, அதற்கு என்ன பொருள்? வாசனையிலேயே கண்டுபிடித்து அவள் தட்டை நகர்த்திவிட்டாள் என்பதுதானே? இனி அந்தப் பெண் தன் சொந்த வீட்டில் ஒவ்வொரு கவளத்தையும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைப்பாள். பெற்றவள் கையால் போடும் சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உண்ணலாம் என்ற உறுதியைத்தான் நான் குடும்பம் என்று நம்புகிறேன். அந்த உறுதியை ஒரு கரண்டி சூப்புக்காக உடைத்திருக்கிறீர்கள்.

நாவலை நீங்கள் படிக்கவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. அதில் யோங்-ஹே என்ற மணமான பெண், ஒரு கொடுங்கனவுக்குப் பிறகு கறியை விட்டுவிடுகிறாள். குடும்பம் கூடிய விருந்தொன்றில், வியட்நாம் போருக்குப் போய்வந்த அவளுடைய தந்தை அவளை அறைந்து, பன்றிக்கறியை வாயில் திணிக்கிறார். அவள் தன்னையே காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் கிடக்கிறாள். அங்கே அவளைப் பார்க்கவரும் தாய் கொண்டுவருவது கறுப்பாட்டை வேகவைத்து இறக்கிய சாறு. அதை மூலிகை மருந்து என்று பொய் சொல்லிக் குடிக்கவைக்கிறாள், மகள் எழுந்துபோய் வாந்தி எடுத்துவிட்டு வருகிறாள். அந்தத் தாய் கொடியவள் அல்லள். பெற்ற வயிறு பதைத்துச் செய்தவள். உங்கள் மனைவியும் அப்படித்தான் செய்திருப்பார். ஆனால், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு அந்த ரசம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பார்த்தீர்களா?

மூன்று பகுதிகள் கொண்ட அந்த நாவல், கணவன், அக்காள் கணவன், அக்காள் என மூவர் பார்வையில் நகர்கிறது. யோங்-ஹேயின் சொந்தக் குரல் சில கனவுத் துண்டுகளில் மட்டுமே கேட்கிறது. ‘கனவு கண்டேன்’ என்று அவள் சொல்லியும், அந்தக் கனவுக்குள் என்ன இருந்தது என்று அறிய அவள் கணவனுக்கு விருப்பமே இல்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஏன் விட்டேன் என்று உங்கள் மகள் சொன்ன ஒரு சொல்லாவது அதில் இருக்கிறதா? நீங்கள் கேட்டதாகவும் தெரியவில்லை.

புத்தகத்தை ஒளித்துவைப்பது புதிதல்ல. அந்த எழுத்தாளரின் நாட்டிலேயே, 2023இல், கியோங்கி மாகாணத்துப் பள்ளி ஒன்றின் நூலகத்திலிருந்து இதே நாவலை நீக்கினார்கள். மறு ஆண்டே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பரிசு பெற்றது என்பதற்காக இதைப் படிக்கச் சொல்பவள் அல்ல நான். பெற்றோர் கைகழுவி, கணவனும் விலகிய பிறகு, மலையடிவார மனநல மருத்துவமனைக்குத் தங்கையைப் பார்க்கப் போய்க்கொண்டேயிருக்கும் அக்காள் இன்-ஹே அதில் இருக்கிறாள். கடையையும் பார்த்து, சின்ன மகனையும் வளர்த்துக்கொண்டு, எல்லாக் கடமையையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் அவளுமேகூட, தங்கை சொல்வதைக் கேட்கத் தொடங்கும்போது காலம் கடந்துவிடுகிறது. உங்களுக்கு இன்னும் கடக்கவில்லை.

மகள் பருப்பும் தயிரும் சாப்பிடுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உடல்நிலை பற்றிக் கவலை என்றால் மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உணவையே மொத்தமாகக் குறைத்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். அதற்கு முன்னால், இன்றைக்கே உங்கள் மனைவி அவளிடம் போய், ‘ரசத்தில் கலந்தது தப்பு, இனிமேல் செய்யமாட்டேன்’ என்று சொல்லட்டும். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். புத்தகத்தை பீரோவின் மேலிருந்து இறக்கி, நீங்கள் படித்துவிட்டு, அவள் கையில் கொடுங்கள். இரண்டு இரவு போதும், சிறிய நாவல்தான்.