செவலைக்கு வயது 16

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில், கெடிலம் ஆற்றை ஒட்டிய பகுதியில் வசிக்கிறோம். தானே புயலுக்கு அடுத்த ஆண்டு என் அப்பா ஒரு பெண் குதிரையை வாங்கிவந்தார். செவலை என்று கூப்பிடுவோம். கல்யாண ஊர்வலம், காதுகுத்து, விடுமுறை நாட்களில் தேவனாம்பட்டினம் கடற்கரை என்று அதை வைத்துத்தான் அவர் எங்களைப் படிக்கவைத்தார். சென்ற மாசியில் அப்பா காலமாகிவிட்டார். இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உயர்ந்த சாதிக் குதிரை இல்லை, கலப்பு. குணம் தங்கம். பல்லைப் பார்த்த மருத்துவர் 16 வயது இருக்கும் என்றார். எங்களுக்குத் தெரிந்து குட்டி போட்டதில்லை.

தரகர் ஒருவர் 35,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். "12 வயது என்று சொல்லிக் கைமாற்றிவிடலாம், கவலைப்படாதீர்கள்" என்றும் சொன்னார். என் மாமாவோ விற்காதே என்கிறார். "ஒரு குட்டி எடுத்துவிடு. குட்டியை விற்றால் தீவனச் செலவு வந்துவிடும். விற்காவிட்டாலும் செவலையின் ரத்தம் வீட்டில் இருக்கும்" என்பது அவர் கணக்கு. அதைக் கேட்டதிலிருந்து என் மகள் குட்டிக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரி,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம்.

குட்டி வேண்டாம். உங்கள் மகளின் முகம் வாடும் என்று தெரிந்தே இதை முதலில் சொல்கிறேன்.

மாமாவின் கணக்கு ஆடு மாடு வளர்த்தவரின் கணக்கு. நம் பக்கத்தில் ஆட்டை இன்னொருவரிடம் வாரத்துக்கு, அதாவது குட்டியில் பங்கு பேசி வளர்க்க, விட்டால்கூட ஒரு வருடத்தில் பங்குக்குக் குட்டி வந்துவிடும். பசு ஈன்றால் மறுவாரமே வீட்டில் பால். குதிரையில் இது எதுவும் கிடையாது. சினைக்காலம் 11 மாதம். பிறந்த குட்டி ஐந்தாறு மாதம் தாயிடம் குடிக்க வேண்டும். முதுகில் ஆள் ஏற்ற மூன்று வயதாவது ஆக வேண்டும். இன்றைக்கே சினை பிடித்தாலும் அந்தக் குட்டி உழைக்க வரும்போது செவலைக்கு 20 ஆகியிருக்கும். அதுவரை இரண்டு வயிறு. பால் கொடுக்கும் முதல் சில மாதங்களில் தாய்க்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு தீனி தேவைப்படும். அப்படி வளர்த்த கலப்புக் குட்டிக்கு என்ன விலை கிடைக்கும்? ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மார்வாரி, கத்தியவாரி என்ற உயர்ந்த சாதிக் குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை செவலையின் உடம்பு. 15 வயதைத் தாண்டினால் குதிரை சினை பிடிப்பதே குறையும். அதிலும் ஒருமுறைகூட ஈனாத குதிரைக்கு இந்த வயதில் கருப்பையின் வாய் சரியாக இளகாது. இணை சேர்ந்தபின் உள்ளே நீர் தங்கிப் புண்ணாகும். வயதான குதிரைகளில், ஈனும் நேரத்தில் கருப்பைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் வெடித்து நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவதும் உண்டு. பசுவுக்குக் காத்திருப்பதுபோல் மணிக்கணக்கில் காத்திருக்கவும் முடியாது. பனிக்குடம் உடைந்தபின் அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்தாக வேண்டும். குதிரைகள் பெரும்பாலும் நடுராத்திரியில்தான் ஈனும். அந்த அரை மணி நேரத்துக்குள் யாரை எழுப்பி, எங்கிருந்து அழைத்துவருவீர்கள்?

ரத்தம் வீட்டில் இருக்கும் என்கிறாரே, அதில் உள்ள பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் குட்டியில் பாதி, யாரென்று தெரியாத ஓர் ஆண் குதிரை. மேளத்துக்கும் வெடிக்கும் நடுவில் மிரளாமல் நிற்கும் செவலையின் பொறுமையில் பெரும்பங்கு உங்கள் அப்பாவின் கை. அந்தப் பழக்கம் ரத்தத்தில் இறங்காது.

அடுத்து விற்பனை. அந்தத் தரகர் தன் வாயாலேயே உங்களுக்கு வழி சொல்லிவிட்டார். குதிரையின் மேல்வரிசை வெட்டுப்பற்களில் ஓரத்துப் பல்லை உதட்டை விலக்கிப் பாருங்கள். ஈறிலிருந்து பழுப்பாக ஒரு பள்ளக்கோடு இறங்கியிருக்கும். அது ஏறத்தாழ 10 வயதில் ஈறோரம் தலைகாட்டும், 15-இல் பாதிப் பல் வரை வரும், 20-இல் அடி வரை இறங்கிவிடும். இது தரகருக்குத் தெரியும், வாங்கப்போகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். 12 என்று நம்பி வாங்குபவர் 12 வயதுக் குதிரைக்குரிய சுமையைத்தான் ஏற்றுவார். வயதாலோ நோயாலோ வேலைக்கு லாயக்கற்றுப்போன விலங்கை வேலை வாங்குவது கொடுமை என்று 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. நான்கு கை மாறிய பிறகு செவலை எந்த ஊரில் நிற்கிறது என்று தேடிப்போய் அந்தச் சட்டத்தை யார் காட்டப்போகிறார்கள்? அந்த 35,000 வேண்டாம், சகோதரி.

ஆக, முடிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். லேசான முடிவு என்று சொல்லமாட்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 வயதைத் தாண்டியும் இருக்கும். எனவே இது பத்து வருடப் பொறுப்பு. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ உலர்தீவனம், பச்சையாகவே போட்டால் 20 கிலோவுக்குமேல் புல் வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பல்லை ராவிவிட வேண்டும். மென்ற புல்லைச் சுருட்டிச் சுருட்டிக் கீழே துப்பினால் பல் கூராகிவிட்டது என்று அர்த்தம். தனுர்வாத ஊசியை மறக்காதீர்கள். அளவான வேலை கெடுதல் செய்யாது. எடை குறைந்த பிள்ளைகளை ஏற்றிக் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் நடத்துங்கள், தீவனச் செலவில் ஒரு பகுதியாவது வரும். கத்திரி வெயிலில் மட்டும் கூடாது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். உடம்பு நனையாமல் மூச்சு மட்டும் வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுங்கள்.

உங்கள் வீடு ஆற்றங்கரையில் இருப்பதால் ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். மணல் தரையில் புல்லைப் போட்டால் குதிரை மணலையும் சேர்த்துத் தின்னும். அது குடலில் தங்கி வயிற்றுவலியாகும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றுவலியே உயிரை வாங்கிவிடும். தரையில் படாத சாணி உருண்டைகள் ஐந்தாறை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்ச நேரம் கழித்து மேல்நீரை மெல்ல வடித்துவிட்டு, வாளியின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். நறநறவென்று மணல் கனமாகத் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். தீனியை இனித் தொட்டியில் வையுங்கள்.

வைத்துக்கொள்ளவே முடியாத நிலை வந்தால், தெரிந்தவர் ஒருவரிடம் விலையின்றிக் கொடுங்கள். உண்மையான வயதைத் தாளில் எழுதி, குட்டி எடுக்கக் கூடாது, தேவையில்லை என்றால் திருப்பி உங்களிடமே விட வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கும் முன்னால், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை கொண்டுபோய்ப் பல், குளம்பு, ரத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள். குட்டி ஏன் வேண்டாம் என்பதை மருத்துவரே செவலையின் பக்கத்தில் நின்று அவளுக்குச் சொல்லட்டும்.