கூத்து செட்டுக்கு முதலில் கொடுக்கும் 'அச்சாரம்' என்பது என்ன? எதற்காக?

சேலம் மாவட்டத்து ஓமலூர், மேச்சேரி, எடப்பாடிப் பக்கம் தெருக்கூத்துக் குழுவை 'செட்டு' என்பார்கள். கூத்துக்கு நாள் குறித்ததும் ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு ஒரு சிறு தொகையைக் கொடுப்பார்கள். அதுதான் அச்சாரம். 'இந்த இரவு உங்கள் ஊருக்குத்தான்' என்று செட்டு சொல்வதற்கான பிடிமானம்.

காரணம் எளிது. செட்டுக்கு விற்க இருப்பது இரவுகள் மட்டுமே, அதுவும் எண்ணி எண்ணித்தான் உண்டு. மழைக்காலத்தில் திறந்தவெளிக் கூத்து நடக்காது. மாரியம்மன் பண்டிகைகளோ ஒரே சமயத்தில் குவியும். ஆடுபவர்களோ அதே ஆட்கள்தான். இரவு முழுக்க மேச்சேரியில் ஆடியவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்து, கிரீடமும் தோளில் கட்டும் புஜகட்டையும் இருக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். தூக்கம் வண்டியில்தான். (குரல் எப்படித் தாங்குகிறதோ, எனக்கு இன்றுவரை ஆச்சரியம்!) இதில் ஓர் ஊர் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றால், அந்த இரவை வேறு யாரிடமும் விற்க முடியாது. மிருதங்கம், முகவீணை (ஊதும் சிறு குழல்), ஆர்மோனியம் வாசிப்பவர்கள் எல்லோருக்கும் அன்று கூலி போச்சு.

முகூர்த்த நாளுக்குச் சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோமே, அதே கதைதான். சரி, கருமாதிக்குக் கர்ண மோட்சம் (கர்ணனின் மரணத்தைச் சொல்லும் கூத்து) வைப்பவர்கள்? அது திடீரென வருவது, நாள் குறைவு. ஆனால் வழக்கம் ஒன்றே.

பலர் நினைப்பதுபோல அச்சாரம் தனி அன்பளிப்பு அல்ல. பேசிய தொகையில் கழித்துக்கொள்ளப்படும். கூத்தின் நடுவே ஆடுபவரின் உடையில் குத்தும் பணம்தான் அன்பளிப்பு.