வாசகர் கேள்வி – பதில்: முதல் படகாகப் பழைய பாய்மரப் படகு வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் வேலை பார்த்தபோது விடுமுறை நாட்களில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். இப்போது சொந்த ஊருக்கே திரும்பிவிட்டேன். சுமார் முப்பது ஆண்டுகள் பழைய, 26 அடி நீளமுள்ள, உள்ளே அறையும் டீசல் எஞ்சினும் கொண்ட ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று, பழைய கார் ஒன்றின் விலைக்கு வருகிறது. சில ஆண்டுகளாகக் கரையிலேயே தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: விலை மலிவுதான். ஆனாலும் புதுச்சேரியில் இத்தகைய படகை வாங்க நினைப்பவர், படகைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே அதை நிறுத்தப்போகும் இடத்தின் ஆழத்தைப் பார்த்துவிட வேண்டும். பாய்மரப் படகின் அடியில், படகு கவிழாமல் தாங்கும் எடை மிகுந்த கீல் என்ற செங்குத்தான பகுதி இறங்கியிருக்கும். 24 அடி நீளமுள்ள ஜே 24 வகைப் படகே மிதப்பதற்கு 1.22 மீட்டர், அதாவது நான்கு அடித் தண்ணீர் கேட்கும் என்றால், உங்களுக்கு வரும் படகு பெரும்பாலும் அதற்கும் சற்று மேலேயே கேட்கும். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போக அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தைத் தாண்டியாக வேண்டும். நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்த முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துவிடுகிறது. தூர்வார வேண்டும் என்று மீனவர்கள் கேட்பதும் அதனால்தான். அவர்களுடைய ஃபைபர் படகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மணல் திட்டின்மேல் வழுக்கிப் போய்விடும். கீல் உள்ள படகோ அங்கே தரைதட்டி நிற்கும், பின்னால் வரும் ஒவ்வோர் அலையும் அதைத் தூக்கித் தூக்கித் தரையில் அடிக்கும். ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறட்டும் என்று காத்திருந்தும் பெரிய பயனில்லை, ஏனெனில் இங்கே ஓத ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு.

அடுத்தது புயல் காலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் நம் பகுதியில்தான் கரை கடந்தன. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகைக் கரையேற்றி வைக்க வேண்டும் என்பதை விதியாகவே கொள்ளுங்கள். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள படகுக்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு முறை கிரேன் வேண்டும். கிரேன் வாடகையையும், கரையில் வைக்கும் இடத்துக்கான வாடகையையும் விற்பவரிடம் அல்லாமல் துறைமுகத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆழம், கரையேற்றம் ஆகிய இரண்டுக்கும் திருப்தியான விடை கிடைக்காவிட்டால், படகு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

விடை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, படகைப் பார்ப்போம். பழைய படகில் குறை இல்லாமல் இருக்காது. எந்தக் குறையை நம் ஊரில் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள், எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்ப்பதில்தான் உங்கள் பணம் தப்பும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகியதால், கண்ணாடி இழை விரிப்பும் ரெசின் என்ற பசையும் வைத்து ஓட்டை அடைக்கத் தெரிந்த கைகள் கடலூரிலும் புதுச்சேரியிலும் தாராளமாக உண்டு. டீசல் எஞ்சினுக்கும் மெக்கானிக் கிடைப்பார். பாய் தைப்பவரும், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை அளவெடுத்து முனை பொருத்தித் தருபவரும் இங்கே கிடைப்பது அரிது. அதனால் அடிப்பகுதியில் சில கொப்புளங்கள் இருப்பதைவிடப் பாய்மரக் கம்பி பழையதாக இருப்பதே இங்கே பெரிய செலவாக முடியலாம்.

கம்பிகளிலிருந்தே தொடங்குங்கள். துருப்பிடிக்காத எஃகு என்பது பெயருக்குத்தான். உப்புக்காற்றில், காற்றோட்டம் இல்லாத இடுக்குகளில் அதுவும் அரிக்கும். மெல்லிய பருத்தித் துணியைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து, கீழிருந்து மேலாக மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். இழை ஒன்று அறுந்திருந்தாலும் துணியின் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் செய்தால் விரல் கிழியும். கம்பியின் முனைகள் உலோகக் குழலுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்ட இடத்தில் பழுப்புக் கசிவோ, தலைமுடி அளவு விரிசலோ தெரிந்தால் அந்தக் கம்பி முடிந்தது என்று பொருள். கம்பிகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மாற்றப்படாதவை என்றால், கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் புதிய கம்பிகளின் செலவை விலையிலிருந்து கழித்தே பேசுங்கள். அவற்றை உடற்பகுதியோடு பிணைக்கும் உலோகப் பட்டைகள் மேல்தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில், உட்புறத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மரப் பலகையில் கறுத்த நீர்க்கறை இருந்தால் பட்டையைக் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மேல்தளம் பெரும்பாலும் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு இடையே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்யப்பட்டிருக்கும். திருகுத் துளைகள் வழியாக இறங்கும் மழைநீர் அந்த மரத்தை உள்ளுக்குள்ளேயே மக்கச் செய்யும். பிளாஸ்டிக் தலையுள்ள சிறு சுத்தியலால் ஒரு சாணுக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டே போங்கள். கூர்மையாக ஒலிக்கும் தளம், மக்கிய இடத்தில் அமுங்கிய ஒலி தரும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். பாய்மரத்தின் அடியைச் சுற்றி வட்டங்கள் நெருங்கி நின்றால் படகை மறந்துவிடலாம்.

நீருக்கடியில் இருக்கும் பகுதியில் கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். உள்ளிருந்து வரும் நீர் காடிபோலப் புளித்த வாடை அடித்தால், ரெசினுக்குள் நீர் புகுந்திருக்கிறது. நம் ஊரின் வெதுவெதுப்பான நீரில் இது வேகமாகவே நடக்கும். அதற்காகப் பயந்து ஓட வேண்டியதில்லை. சுரண்டி, பல வாரங்கள் உலரவிட்டு, எப்பாக்ஸி ரெசினால் பூசச் சொல்லுங்கள். மீன்பிடிப் படகுகளுக்கு வழக்கமாகப் போடும் பாலியஸ்டர் ரெசினையே இதற்கும் பூசிவிடுவார்கள், அருகில் நின்று பார்த்துக்கொள்வது அவசியம். கீலும் உடலும் சேரும் கோட்டில் துருக்கறை வழிந்திருந்தால் அது வேறு கதை. படகுகளை ஆய்வு செய்யும் தகுதியுள்ள சர்வேயர் ஒருவரை அழைத்து வந்து காட்டாமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

பாயை வெயிலில் விரித்து, தையல் நூலை நகத்தால் நெருடிப் பாருங்கள். துணி நன்றாக இருக்கும்போதே நூல் வெயிலில் இற்றுப்போயிருக்கும். துணியே துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிபோலத் தொய்ந்திருந்தால் புதுப் பாய்தான் வாங்க வேண்டும். எஞ்சினைப் பொறுத்தவரை, நீங்கள் வருவதற்கு முன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பினால்தான் அது கிளம்பும் எஞ்சின்.

பதிவு ஆவணம், விற்பனைப் பத்திரம், வெளிநாட்டிலிருந்து வந்த படகானால் சுங்கவரி கட்டிய ரசீது ஆகியவை இல்லாத படகு பெரும்பாலும் வழக்கோடுதான் வரும்.

கேள்வி: பதினான்கு வயது மகளுக்குப் பழைய லேசர் வகைப் படகு ஒன்று வாங்க நினைக்கிறேன். எனக்குப் படகு பற்றி ஒன்றும் தெரியாது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: லாஸ்பேட்டை வாசகருக்கும் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். லேசர் என்பது ஒருவரே ஓட்டும் சிறு பாய்மரப் படகு. 4.23 மீட்டர் நீளம். உடல் மட்டும் ஏறத்தாழ 59 கிலோ எடை. இரண்டு பேர் தூக்கிவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிடலாம். சிறுவர்களுக்கான ஆப்டிமிஸ்ட் வகைப் படகு இன்னும் சிறியது என்றாலும் பதினைந்து வயதோடு போட்டிகளில் அதன் காலம் முடிந்துவிடும் என்பதால் உங்கள் மகளுக்கு இப்போது அது வீண். லேசரின் அதே உடலில் 4.7 சதுர மீட்டர் சிறு பாயைப் பொருத்தலாம். அதில் தொடங்கி, வளர வளரப் பெரிய பாய்க்கு மாறிக்கொள்ளலாம்.

பார்க்க வேண்டியவை சிலவே. பாய்மரம் செருகும் குழியில் நீரை நிரப்பி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, கால் மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடி விரிசல் விட்டு, நீர் உடலுக்குள் போகிறது. காற்று பலமாக அடிக்கும் நாளில் அங்கேதான் உடையும். பின்புற அடைப்பானைத் திறந்து படகைச் சாய்த்துப் பாருங்கள். நீர் வழிந்துகொண்டே இருந்தாலோ, தூக்கும்போது எதிர்பார்த்ததைவிடக் கனத்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உப்பனாற்றில் பழகுவதானால் விசைப்படகுகள் வந்துபோகும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டறியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் போக்குவரத்து குறையும் என்றாலும், கட்டிவைத்த விசைப்படகுகளால் துறைமுகம் நெருக்கமாக இருக்கும். பழுதுபார்ப்பவர்களும் அவற்றின் வேலையில் மூழ்கியிருப்பதால் உங்கள் வேலையைப் பிப்ரவரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மகள் உயிர்காப்புச் சட்டை இல்லாமல் படகில் கால் வைக்கக் கூடாது. கடலோரக் காவல் படையின் 1554 என்ற அவசர எண்ணைக் கரையில் நிற்கும் நீங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருங்கள்.