பெரியப்பா விட்டுச்சென்ற மிங்கஸ் கேசட்டுகள்

கேள்வி: என் பெரியப்பா 1970களில் நியூயார்க்கில் வேலை பார்த்தவர். ஜாஸ் இசை என்றால் அவருக்குப் பித்து. இரவு விடுதிகளில் நடந்த கச்சேரிகளைச் சிறிய கேசட் ரெக்கார்டரில் யாருக்கும் தெரியாமல் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் காலமானபின் அந்தக் கேசட்டுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. அவற்றில் இரண்டின் மேல் ‘சார்லஸ் மிங்கஸ், 1975’ என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. மிங்கஸ், பேஸ் என்ற அடிக்குரல் தந்தி வாத்தியத்தை வாசித்த அமெரிக்க ஜாஸ் கலைஞர், இசையமைப்பாளர். ஐரோப்பாவிலுள்ள ஒரு சேகரிப்பாளர் எப்படியோ இதை அறிந்து, “ஐம்பது ஆண்டு கடந்துவிட்டது, இனி எவரும் உரிமை கோர முடியாது, நல்ல விலை தருகிறேன், இசைத்தட்டாகக் கொண்டுவருகிறேன்” என்று எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட பதிவுகளை எதிர்த்து மிங்கஸின் மனைவி போராடினார் என்று படித்திருக்கிறேன். கொடுக்கலாமா? கொடுக்காமல் வைத்திருந்தால் அந்த இசை வீணாகிவிடாதா?
— வாசகர், திருச்சி

பதில்: கொடுக்க வேண்டாம். அதற்காக அலமாரியிலேயே வைத்துப் பூஞ்சை பிடிக்க விடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் நடுவே நீங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தச் சேகரிப்பாளரின் வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கேசட்டுகள் உங்கள் பெரியப்பாவின் சொத்து. இப்போது உங்கள் சொத்து. அதில் எவருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனால் ஒருவர் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் தாள் உங்களுடையதாக இருந்தாலும் அதை அச்சிட்டு விற்கும் உரிமை எழுதியவரிடமே இருப்பதைப்போல, நாடாவில் பதிந்திருக்கும் இசையை வெளியிடும் உரிமை அதை வாசித்தவர்களையும் இயற்றியவரையும் விட்டு நகர்வதில்லை. மெட்ரோபாலிட்டன் ஓபராவின் வானொலி ஒலிபரப்புகளைப் பிடித்துத் தட்டுகளாக விற்ற நிறுவனத்துக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் 1950-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 1994-ல் அமெரிக்கா இயற்றிய சட்டமோ, கலைஞரின் சம்மதமின்றிக் கச்சேரியைப் பதிவு செய்வதோடு அப்படிப் பதிவானதை விற்பதையும் தடை செய்கிறது. அந்தத் தடைக்கு இத்தனை ஆண்டு என்ற வரம்பு எதையும் அது குறிப்பிடவில்லை.

‘ஐம்பது ஆண்டு’ என்பது முழுப் பொய்யில்லை, பாதி உண்மை. முறைப்படி வெளியாகாத ஒரு நிகழ்ச்சியில் வாசித்தவரின் உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தில் நிகழ்ச்சி நடந்து ஐம்பது ஆண்டுகளில் முடிகிறது. முறைப்படி வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 2013 முதல் அது எழுபது ஆண்டு. இந்த இடைவெளியை நம்பித்தான் சில சிறு நிறுவனங்கள் பிழைப்பு நடத்துகின்றன. ஆனால் வாசித்தவரின் உரிமை வேறு, இயற்றியவரின் உரிமை வேறு என்பதை உங்கள் சேகரிப்பாளர் வசதியாக மறந்துவிடுகிறார். மிங்கஸ் 1979 ஜனவரி 5 அன்று மெக்சிகோவில் இறந்தார். ஐரோப்பாவில் இயற்றியவரின் உரிமை அவர் மறைந்து எழுபது ஆண்டு நீடிக்கும் என்பதால், அவருடைய படைப்புகளை அங்கே இசைத்தட்டாக்குகிறவர் 2049 முடியும்வரை அவருடைய வாரிசுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தட்டின் ஒரு பிரதி அமெரிக்காவுக்குள் போனாலும் அங்கத்திய சட்டம் குறுக்கே நிற்கும். நல்ல விலை தருவதாகச் சொல்பவர் இதையெல்லாம் அறியாதவராக இருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மிங்கஸ் விஷயத்தில் இது வெறும் உரிமைத்தொகைத் தகராறாக ஒருபோதும் இருந்ததில்லை. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பிடியில் சிக்காமல் இருப்பதற்காக 1952-லேயே டிரம் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து ‘டெபியூ’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். 1960களில் தம் இசைத்தட்டுகளைத் தபால் வழியாகத் தாமே விற்றுப் பார்த்தார். டொராண்டோவின் மாஸி ஹாலில் 1953 மே மாதம் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி, பட் பவல், ரோச் ஆகியோருடன் வாசித்த கச்சேரியின் நாடாவைக் கேட்டபோது, தம் பேஸ் வாத்தியம் சரியாகப் பதிவாகவில்லை என்று கண்டு, ஸ்டூடியோவில் உட்கார்ந்து அதன்மேல் மறுபடி வாசித்துச் சேர்த்தபிறகுதான் வெளியிட்டார். அப்படிச் செய்தது சரியா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது, தம் வாத்தியம் மங்கலாகக் கேட்கும் நாடாவை அப்படியே வெளியே விட மனம் வராத ஒரு மனிதர். மேஜைக்கு அடியிலோ சட்டைப் பையிலோ மறைத்துவைத்த சிறு மைக்கில் முதலில் அடிபடுவது பேஸ்தான். கண்ணாடிக் கோப்பைகளின் சத்தம் துல்லியமாக விழும், பேஸ் வெறும் உறுமலாகிவிடும். உங்கள் கேசட்டில் அவர் எப்படி ஒலிக்கிறாரோ, அதைத் தம் பெயரில் உலகம் கேட்கலாமா என்று தீர்மானிக்க அவர் இப்போது இல்லை.

அவருக்குப் பிறகு அந்தத் தீர்மானத்தைச் சுமந்தவர் அவருடைய மனைவி சூ மிங்கஸ். கணவரின் விருப்பப்படி அவருடைய அஸ்தியைக் கங்கையில் கரைத்தவர். 2022 செப்டம்பரில் 92 வயதில் மறையும்வரை அவர் செய்த வேலைகளைப் பார்த்தால், இசையைப் பூட்டிவைத்தவர் என்று அவரை எவரும் சொல்ல முடியாது. மிங்கஸின் காகிதங்களுக்கிடையில் கிடைத்த, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும் ‘எபிடாஃப்’ என்ற படைப்பு 1989-ல் நியூயார்க்கில் மேடையேறியதும், மிங்கஸின் இசையை மட்டுமே வாசிக்கும் பெரிய குழு தொடர்ந்து இயங்கியதும், கையெழுத்துப் பிரதிகள் 1993-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அவருடைய உழைப்பால்தான். அதே அம்மையார், இசைத்தட்டுக் கடைகளில் மிங்கஸின் கள்ளப் பதிவுகளைக் கண்டால் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு, பணம் கொடுக்காமல் வெளியே நடந்துவிடுவார். கடைக்காரர் தடுத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம் வா என்பதே அவருடைய நிலை. முரட்டு வழிதான், இருந்தாலும் அவர் பக்கம் நிற்கவே எனக்குத் தோன்றுகிறது. பிறகு ‘ரிவெஞ்ச்’ (பழிவாங்கல்) என்று பெயரிலேயே கோபத்தைக் காட்டும் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, கள்ளத்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்த 1964 ஏப்ரல் பாரிஸ் கச்சேரிகளை 1996-ல் முறைப்படி வெளியிட்டார்.

அந்தப் பாரிஸ் கச்சேரிகளின் கதையில் உங்களுக்குப் பயன்படும் விவரம் ஒன்று உண்டு. குழுவில் வாசித்துக்கொண்டிருந்த எரிக் டால்ஃபி, சுற்றுப்பயணம் முடிந்ததும் ஐரோப்பாவிலேயே தங்கிவிடப் போவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு விடைகொடுக்க மிங்கஸ் இயற்றியதுதான் ‘சோ லாங், எரிக்’. டால்ஃபி அதே ஆண்டு ஜூன் 29 அன்று பெர்லினில் 36 வயதில் இறந்துபோனார். அந்தக் கச்சேரிகளிலிருந்து பிரான்சில் முதலில் வெளிவந்த இசைத்தட்டுத் தொகுப்பில் அந்தப் படைப்பின் பெயர் ‘குட்பை போர்க் பை ஹேட்’ என்று அச்சாகியிருந்தது. அதுவோ 1959-ல் மறைந்த சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்குக்காக மிங்கஸ் இயற்றிய இரங்கல். ஒருவருக்குச் சொன்ன விடை இன்னொருவருக்கான அஞ்சலியாக அட்டையில் ஏறிவிட்டது. அட்டை அச்சாகும்முன் இயற்றியவரிடமோ அவர் வீட்டாரிடமோ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நேர்ந்திருக்காத பிழை இது. கேட்காமல் வெளியாகும் பதிவுகளில் படைப்பின் பெயர், தேதி, வாசித்தவர் பட்டியல், ஓடும் வேகம் என்று எதை நம்புவது என்றே தெரியாமல் போகிறது. பிறகு வரும் ஆய்வாளர்கள் அந்தத் தவறுகளையே மேற்கோளாக எடுத்துக் கொடுக்கிறார்கள்.

‘வீணாகிவிடாதா’ என்று கேட்டீர்கள். உங்கள் பெரியப்பாவுக்கு முன்பே இந்தப் பித்துப் பிடித்தவர்கள் இருந்தார்கள். டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன் கலைஞர் 1947–48-ல் சார்லி பார்க்கரை விடுதி விடுதியாகத் துரத்திப் பதிவு செய்தார்; பார்க்கர் வாசித்து முடித்ததும் கருவியை நிறுத்திவிடுவார், மற்றவர்கள் வாசித்தது அவருக்கு வேண்டியதில்லை. அந்தப் பதிவுகள் நாற்பது ஆண்டுக்காலம் அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் கிடந்து, 1990-ல் ‘மொசைக்’ நிறுவனத்தின் வழியாக ஏழு குறுந்தகடுகளாக வெளிவந்தன. மிங்கஸ் விஷயத்திலேயே இன்னும் நெருக்கமான உதாரணம் இருக்கிறது. 1973 பிப்ரவரியில் டெட்ராய்டில் அவர் வாசித்து வானொலியில் ஒலிபரப்பான கச்சேரியின் நாடாக்கள், அன்று டிரம் வாசித்த ராய் புரூக்ஸின் மனைவியிடம் பத்திரமாக இருந்தன. 2018-ல் முறையான அனுமதியோடு அவை ஐந்து தட்டுகளாக வந்தன. காத்திருந்ததால் அந்த இசை ஒன்றும் வீணாகிவிடவில்லை.

ஆனால் அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. பியானோ கலைஞர் பில் எவன்ஸை ஒரு ரசிகர் 1966 முதல் 1975 வரை நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் ரகசியமாகப் பதிவு செய்தார். எவன்ஸ் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1996-ல், ‘மைல்ஸ்டோன்’ நிறுவனம் அவற்றை எட்டுத் தட்டுகளாக வெளியிட்டது. அவற்றில் அபாரமான வாசிப்பு உண்டு. இருந்தாலும், தம்மை எவரும் பதிவு செய்யவில்லை என்று நம்பி ஒருவர் சோதித்துப் பார்த்த இடங்களைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதனால், கேட்டுவிட்டு ‘வேண்டாம்’ என்று வாரிசுகள் சொன்னால் அந்தப் பதிலையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. முதலில், வீட்டில் கிடக்கும் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ரப்பர் உருளை இளகிப்போன கருவி நாடாவை இழுத்துச் சுருட்டிக் கசக்கிவிடும். கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது. நாடாவைத் தாங்கும் சிறிய பஞ்சுத் துண்டு பசை விட்டு உதிர்ந்திருந்தால், உள்ளே இருப்பதை வேறு கூட்டுக்கு மாற்றத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். பழைய நாடாக்களை டிஜிட்டலாக்கும் அனுபவமுள்ள ஒலிப்பொறியாளரைத் தேடிப் பிடித்து, நீங்களும் உடனிருந்து, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரே ஓட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். கைதட்டலையோ இரைச்சலையோ நீக்கச் சொல்லாதீர்கள். அந்த வேலையைப் பிறகு யாரும் செய்யலாம், நீக்கியதை எவரும் திருப்பித் தர முடியாது. கருவி ஆறு சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி அரைச்சுர இடைவெளி, அதாவது பியானோவில் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும். ஆகையால் ஓடும் வேகத்தைச் சரிபார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். கேசட்டில் மிங்கஸ்தான் இருக்கிறார் என்பதும் அப்போதுதான் உறுதியாகும். நடுவில் பெரியப்பாவே வேறு எதையாவது அதன்மேல் பதிந்து வைத்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பிறகு மிங்கஸின் படைப்புரிமைகளைக் கவனிக்கும் ‘ஜாஸ் ஒர்க்‌ஷாப்’ நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கேசட் உங்களிடம் எப்படி வந்தது, எந்த விடுதி, எந்தத் தேதி, அட்டையில் எழுதியிருப்பது என்ன என்பதைத் தெரிந்தவரையில் சொல்லுங்கள். அட்டையின் புகைப்படத்தையும், பெரியப்பாவின் நாட்குறிப்போ நுழைவுச்சீட்டோ இருந்தால் அவற்றின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அனுமதியின்றி எடுத்த பதிவு என்பதை மறைக்காதீர்கள். படைப்புகளின் பெயர்களை ஊகித்து எழுத வேண்டாம். மேடையில் அறிவித்திருந்தால் அதை அப்படியே எழுதுங்கள், இல்லையென்றால் ‘முதல் படைப்பு, இரண்டாம் படைப்பு’ என்றிருந்தாலே போதும். அன்று உடன் வாசித்தவர்களுக்கும் அவர்களுடைய வாரிசுகளுக்கும் இதில் பங்குண்டு என்பதால், பதில் வரத் தாமதமாகலாம். விலை எதுவும் பேசாதீர்கள். வெளியீடு என்று ஒன்று நடந்தால் பெரியப்பாவின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று கேட்பது நியாயம். அதற்கு மேல் பணம் வந்தால் வரட்டும். வெளியிட விருப்பமில்லை என்றால், ஆய்வாளர்கள் கேட்பதற்காக ஒரு பிரதியைக் காங்கிரஸ் நூலகத்திலுள்ள மிங்கஸ் சேகரிப்பில் வைக்கச் சம்மதமா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

சேகரிப்பாளருக்கு இரண்டு வரியில் மறுப்பு எழுதினால் போதும். ‘மாதிரிக்கு முப்பது வினாடி மட்டும் அனுப்புங்கள்’ என்று நிச்சயம் கேட்பார். ஒரு வினாடிகூட அனுப்பாதீர்கள். பெட்டியில் வேறு யாருடைய கேசட்டுகள் இருக்கின்றன என்று விசாரித்தால் அதையும் சொல்ல வேண்டாம். அவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரிசுகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நீங்கள் இதேபோல் எழுத வேண்டியிருக்கும்.