தொப்பூர் தாண்டினால் மாறும் முகங்கள்

அன்புள்ள அக்கா,

எனக்கு 38 வயது. சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை, வேலை பெங்களூரில். விவாகரத்தாகி ஐந்து வருஷம். அம்மா சேலத்தில் தனியாக இருக்கிறார், மாதம் இரண்டு வாரக்கடைசி வந்து போவேன். தம்பி மேட்ரிமோனியில் பதிந்து வைத்தான். சாதி, ராசி, அடுத்து “டைவர்ஸுக்கு என்ன காரணம்?” இதற்குமேல் எவரும் பேசவில்லை. டேட்டிங் ஆப் போடு என்கிற ஆபீஸ் தோழிகளில் ஒருத்தி பம்பிள் என்கிறாள், ஒருத்தி ஹிஞ்ச், இன்னொருத்தி டிண்டர் பக்கமே போகாதே என்கிறாள். போன மாதம் ஒன்றைப் போட்டேன். ஊருக்கு வந்த ராத்திரி திறந்தால் முதல் படமே எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணன்! அவர் சம்சாரம் எனக்கு நல்ல பழக்கம். பயந்துபோய் ஆப்பையே அழித்துவிட்டேன். இந்த வயதில் எந்த ஆப் சரிப்படும்? மெடிக்கல் ஷாப் விஷயத்தில் என்ன செய்ய?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள பெயர் வேண்டாதவருக்கு,

மெடிக்கல் ஷாப் அண்ணனுக்குக் கடைசியில் வருகிறேன்.

தோழிகளின் சண்டையை முதலில் முடித்துவிடலாம். டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட் மூன்றுக்கும் முதலாளி ஒன்றுதான், மேட்ச் குரூப் என்ற அமெரிக்க நிறுவனம். நம் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவில் போர்டு மூன்றாக இருக்கும், கல்லா ஒன்றாக இருக்கும், அந்த மாதிரி. பம்பிள் தனி. டிண்டரை விட்டு வெளியே வந்த விட்னி உல்ஃப் ஹெர்ட் 2014இல் தொடங்கியது. ஜோடி சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் பெண்தான் முதலில் பேச வேண்டும் என்பது அதன் பிரசித்தி பெற்ற விதி. 2024இல் அதைக் கொஞ்சம் தளர்த்தி, பெண் ஒரு கேள்வியை எழுதி வைத்தால் ஆண் பதில் சொல்லலாம் என்று ஆக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆபீஸ் முடிந்து, டிராஃபிக்கில் நசுங்கி வீட்டுக்கு வந்தவளுக்கு அது இன்னொரு ஹோம்வொர்க் என்பது என் அனுபவம்.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டிண்டரும் பம்பிளும் திறக்கிற இடத்திலேயே உங்களைப் பதிந்துகொள்ளும். பஸ்ஸில் கிருஷ்ணகிரி வரை பெங்களூர்க்காரர்கள், தொப்பூர்க் கணவாய் இறங்கியதும் நம் ஊர்க்காரர்கள். ஆப் காட்டும் தூரமும் காக்கை பறக்கிற நேர்கோட்டுக் கணக்கு. சேலத்திலிருந்து ஏற்காடு, ரோட்டில் போனால் 30 கிலோமீட்டர், ஆப்பில் அதில் பாதி. டிண்டரில் தூரத்தை உச்சத்துக்கு, அதாவது 161 கிலோமீட்டருக்கு, தள்ளிவிட்டு அம்மாபேட்டையில் உட்கார்ந்தால் பெங்களூரே விளிம்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஹிஞ்ச் அப்படி இல்லை. உங்கள் ஏரியாவை நீங்களே வரைபடத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும், நீங்கள் மாற்றினால் ஒழிய அது நகராது. பெங்களூரில் குறித்துவிட்டால் உங்கள் படம் உங்களோடு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்காது. போனில் உள்ள எண்களைக் கொடுத்து அவர்கள் கண்ணில் படாமல் மறைந்துகொள்ளும் வசதியும் இருக்கிறது. சித்தப்பா பிள்ளைகளை முதலில் போடுங்கள்.

ஆகவே ஹிஞ்ச். ஆனால் அந்தப் புள்ளியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. 25 வயதுப் பையன் வேலையை மாற்றிக்கொண்டு எந்த ஊருக்கும் வருவான். 42 வயதில் ஒருவருக்கு ஃபிளாட்டும் அதற்கு இ.எம்.ஐ.யும் இருக்கும், சனிக்கிழமை மட்டும் பார்க்கக் கிடைக்கிற மகள் இருப்பாள். அவர் பெங்களூரை விட மாட்டார். உங்கள் அம்மா அம்மாபேட்டையை விட மாட்டார். இதைப் பழகி ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிக்காமல் ப்ரொஃபைலிலேயே எழுதுங்கள்: “மாதம் இரண்டு வாரக்கடைசி சேலத்தில் அம்மாவோடு. அது மாறாது.” பத்துப் பேரில் எட்டுப் பேர் போய்விட்டால் நல்லது, எட்டு காபி மிச்சம். எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் பாருங்கள். நாற்பது தாண்டியும் ‘இன்னும் யோசிக்கிறேன்’ என்று குறித்திருப்பவரை நான் அதற்குமேல் பார்த்ததே இல்லை.

என் கதை ஒன்று. கணவர் போய் ஆறு வருஷம் கழித்து, 43 வயதில், நானும் ஒன்றில் சேர்ந்தேன். மூன்று வாரம் ஒருவரோடு எழுத்திலேயே பேச்சு. மனுஷன் என்ன பொறுமை, என்ன நிதானம்! ஏற்காடு போகலாமா என்றார். அஸ்தம்பட்டியில் அவர் காரில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் போர்டு வைத்திருப்பார்கள், தெரியும்தானே? மூன்றாவது வளைவில் முன்னாள் மனைவி வந்தார். ஒன்பதாவதில் மாமனாரின் சொத்து வழக்கு. அங்கே குரங்குக் கூட்டத்துக்காக வண்டியை நிறுத்தியவர், ஒரு கையால் பிஸ்கட்டை எறிந்துகொண்டே வாய்தா தேதிகளைச் சொன்னார். இருபதாவது வளைவு வரை என்னைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “உங்களுக்கு வாந்தி வராதே?” ஏரிக்கரையில் காபியைக் குடித்துவிட்டு, தலைவலி என்று சொல்லி பஸ் ஏறினேன். இருபது வளைவும் நின்றுகொண்டேதான் இறங்கினேன், பக்கத்தில் யாரோ ஏற்றிய பலாப்பழம் காலில் உருண்டது. அவர் நல்லவராகவேகூட இருக்கலாம். தப்பு என்னுடையது. திரும்பி வரும் வழி அவர் கையில் இருக்கிற இடத்துக்கு முதல் நாளே போயிருக்கக் கூடாது. நீங்கள் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்தில் முக்கால் மணி நேரக் காபி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் பத்து நாளுக்குள் முடியுங்கள்.

சந்திக்கவே வராமல் கிரிப்டோ முதலீடு, கஸ்டம்ஸில் மாட்டிய பரிசு என்று ஆரம்பிப்பவரை யோசிக்காமல் வெட்டுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

இப்போது மெடிக்கல் ஷாப். படத்தை வேறு எவனாவது திருடி வைத்திருக்கலாம், கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பழைய கணக்காக இருக்கலாம், அவரேயாகவும் இருக்கலாம். ஒரு படத்தை நம்பி அந்த அக்காவிடம் எதையும் சொல்லாதீர்கள். அவரேதான் என்றால், உங்கள் படம் அவர் போனிலும் வந்திருக்க வாய்ப்பு உண்டு. அன்று ராத்திரி உங்களைவிட அவருக்குத்தான் தூக்கம் வந்திருக்காது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு மாத்திரை வாங்க நீங்களே போங்கள். மீதிச் சில்லறை தரும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரா, கல்லாவைப் பார்க்கிறாரா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா